முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள்

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் என் கணவர் செய்த முதல் வேலை, புதிய முழங்காலுக்குக் கீழே ஓர் இலவம்பஞ்சுத் தலையணையை மடித்து வைத்ததுதான். அது தந்த சுகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. வைத்தியசாலையில் நான்கு நாளாக விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்த வலி அந்தத் தலையணை வந்ததும் பாதியாகிவிட்டது. அன்றிரவு நான்கு மணித்தியாலம் ஒரே மூச்சில் உறங்கினேன். அடுத்த ஆறு இரவுகளும் தலையணை அங்கேயே இருந்தது.

அந்த ஆறு இரவுகளைச் சரிசெய்ய எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. முழங்கால் மாற்றிக்கொள்ளப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கப் போகிற கணவன்மார், மனைவிமார், பிள்ளைகள், அக்கா தங்கைகள் எல்லோரும் இதை அவசியம் வாசிக்க வேண்டும்.

எனக்கு வயது 66. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1996 இல் கொழும்புக்கு வந்து, கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஓய்வுபெறும்போதே என் இரண்டு முழங்கால்களும் வில்போல வெளிப்பக்கமாக வளையத் தொடங்கியிருந்தன. கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் வலது முழங்காலின் உட்பக்கத்தில் மூட்டு இடைவெளியே தெரியவில்லை. குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு முட்டியிருந்தது. மாத்திரை, ஊசி, முழங்கால் பட்டி, எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போவதென்றால்கூட வீதியைக் கடப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. 2025 தைப்பொங்கல் முடிந்த அடுத்த வாரம், ஜனவரி 23 ஆம் திகதி, வலது காலுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன்.

முழங்கால் மாற்றம் என்றால் முழு மூட்டையும் வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கணைக்கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்துபோன பரப்பை மட்டும் சீவி எடுத்து, அந்த இடத்தில் உலோகப் பகுதிகளைப் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவில், பழைய குருத்தெலும்பின் இடத்தில், கடினமான பொலிஎதிலீன் தட்டு ஒன்று. மற்றதெல்லாம் பழையவைதாம். தொடைத் தசை பழையது. பின்பக்கத் தசைநார் பழையது. பத்து வருடமாக வலிக்குப் பயந்து காலை அரைகுறையாக மடித்து நடந்த பழக்கமும் பழையது. வைத்தியர் மூட்டைத்தான் மாற்றுகிறார். இந்தப் பழையவற்றைப் புது மூட்டுக்குப் பழக்குவது நம்முடைய வேலை.

சத்திரசிகிச்சைக்கு மறுநாள் காலையிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். வோக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவுவரை போய் வந்தேன். தலை சுற்றியது, வியர்த்துக் கொட்டியது. ஆனால் முன்பு இருந்த அந்த எலும்பு உரசும் வலி இல்லை. இப்போது வலித்தது வெட்டின வலி, அது ஆறிவிடும் என்று தெரிந்திருந்ததால் தாங்க முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது பயிற்சிகள் அச்சிட்ட இரண்டு பக்கத் தாள் ஒன்றைத் தந்தார்கள். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த வத்தளை அம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கவும் அங்கே யாருக்கும் நேரமிருக்கவில்லை. நான் என் கட்டிலில் இருந்தபடியே படங்களைக் காட்டி விளக்கினேன். ஆனால் நான் விளக்கிய அவசரத்தில் எனக்கே ஒரு வரி தவறிப்போயிற்று. இரண்டாம் பக்கத்தின் அடியில், படம் எதுவும் இல்லாமல், சிறிய எழுத்தில் அது இருந்தது: முழங்காலின் கீழ் தலையணை வைக்க வேண்டாம். அந்தத் தாளில் மிகப் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டிய வரி அது. பல வாரங்களுக்குப் பிறகு அதைக் கண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

பெப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. பிசியோதெரபி செய்பவர் முதன்முறையாக வீட்டுக்கு வந்தார். அரச வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்யும் இளம் பிள்ளை, சிங்களவர். ஞாயிறும் புதன் மாலையும் வருவதாக ஏற்பாடு. வணக்கம் சொல்லிவிட்டு, போர்வையை விலக்கினார். தலையணையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இரண்டு கைகளாலும் அதை மெதுவாக உருவி எடுத்து, கதிரையில் வைத்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

பிறகு பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். அதைப் பார்த்ததும் ஒரு கணம் வலியை மறந்தேன். இரண்டு நீளமான கைகள் பொருத்திய பாகைமானி அது. உச்சியை முழங்காலின் பக்கத்தில் வைத்து, ஒரு கையை இடுப்பை நோக்கியும் மற்றக் கையைக் கணுக்காலை நோக்கியும் பிடித்தார். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கோணம் அளக்கக் கற்பித்தவள் நான். என் காலிலேயே ஒருவர் கோணம் அளப்பார் என்று நினைத்ததில்லை. கால் நேராக நீளுமானால் பூச்சியம் காட்ட வேண்டும். எனக்கு 12 பாகை காட்டியது. மடக்கச் சொன்னார். 68. "டீச்சர், மடக்குவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது வரும். இந்த 12 தான் கவலை" என்று சிங்களத்தில் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். அவர் தந்த விளக்கம் ஒரு நல்ல கணிதப் பாடம்போல எனக்குப் பட்டது. வீங்கிய மூட்டுக்குள் நீர் நிறைந்திருக்கிறது. முழங்காலைச் சற்று மடித்து வைத்தால்தான் அந்த நீருக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும், உள்ளிருக்கும் அழுத்தம் குறையும். அதனால்தான் வலியும் குறைகிறது. உடம்பு தானாகவே அந்த நிலையைத் தேடிப் போகும். தலையணை அதை அங்கேயே பூட்டிவிடும். முதல் சில வாரங்களில் மூட்டைச் சுற்றிப் புதிய தழும்புத் திசு வளர்கிறது. கால் எந்த நிலையில் அதிக நேரம் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே அது இறுகத் தொடங்கும். மடக்குவதை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம். நீட்டுவதைத் தொடக்கத்திலேயே பிடிக்காவிட்டால் பிறகு பெரும்பாடு. முழுமையாக நீளாத காலில் நிற்கும்போது தொடைத் தசை ஒரு கணமும் ஓய முடியாது. கால் ஒன்று குட்டையானதுபோல நொண்டி நடக்க வேண்டிவரும். அந்த நொண்டலின் விலையை மற்ற முழங்காலும் நாரியும் கொடுக்கும். சிலருக்கு மூட்டு இறுகிப்போய், மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து வைத்தியர் காலை மடக்கி விடவேண்டிய நிலைகூட வருமாம்.

வீக்கம் வடியக் காலை உயர்த்தி வைக்கத்தான் வேண்டும். ஆனால் உயரம் கொடுப்பது குதிக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும். முழங்காலின் பின்பக்கம் வெறுமையாகத் தொங்கவேண்டும்.

என் கணவரின் முகம் வாடிப்போனது. "நான்தான் பழுதாக்கிவிட்டேன்" என்று அன்று மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பார்த்தால், ஒரு துவாயை இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் இறப்பர் வளையம் போட்டு, குதிக்காலுக்கு அளவாகச் செய்து வைத்திருந்தார். அன்றிலிருந்து கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் கால்மாட்டில் உட்கார்ந்து நேரம் பார்த்தவரும் அவரே.

அந்தத் துவாய்ச் சுருளின் மேல் குதிக்காலை வைத்துவிட்டு, முழங்காலை அதன்பாட்டில் கீழே இறங்க விடவேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவுதான். முதல் நாள் இரண்டு நிமிடத்தைத் தாண்ட முடியவில்லை. முழங்காலின் பின்பக்கம் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஐந்து நிமிடம், மூன்றாவது வாரத்தில் பத்து. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. வலி தெரியாமலிருக்க நான் ஏழாம் வாய்ப்பாடு, பதின்மூன்றாம் வாய்ப்பாடு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போவேன்.

இதைவிடக் கடினமாக இருந்தது தொடைத் தசையை எழுப்புவது. காலை நீட்டிப் படுத்தபடி, முழங்காலின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும். கேட்பதற்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை. நான் அழுத்துகிறேன், முகம் சிவக்கிறது, ஆனால் தொடையில் அசைவே இல்லை. மனம் இடும் கட்டளை காலுக்குப் போய்ச் சேரவில்லை. வீக்கமும் வலியும் இருக்கும்போது உடம்பு அந்தத் தசையை அணைத்து வைத்துவிடுமாம். அந்தப் பிள்ளை என் இடது கையை எடுத்து இடது தொடையில் வைத்து, "முதலில் இந்தக் காலில் செய்யுங்கள், தசை எப்படிக் கல்லாகிறது என்று கையால் பாருங்கள். பிறகு அதே நினைப்போடு வலதில் செய்யுங்கள்" என்றார். நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை, முழங்கால் சில்லுக்கு மேலே, தோலுக்கு அடியில் மீன் துள்ளுவதுபோல ஏதோ ஒன்று துடித்தது. சில்லு ஒரு நூலளவு மேலே ஏறி இறங்கியது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பிறகுதான் காலை நேராக உயர்த்தும் பயிற்சி எனக்குச் சாத்தியமானது.

மடக்குவதற்கு நான் பயன்படுத்தியது சாப்பாட்டு மேசைக் கதிரையும் மாபிள் தரையும் ஒரு சோடிக் காலுறையும்தான். கதிரையில் நிமிர்ந்து இருந்து, காலுறை போட்ட பாதத்தைத் தரையில் பின்னோக்கி வழுக்க விடுவது. முடிந்த எல்லை வந்ததும் மற்றக் காலைக் குறுக்கே போட்டு மெல்லத் தள்ளி, பத்து எண்ணுவது. "தவ டிக்கக், டீச்சர், தவ டிக்கக்" என்பார் அந்தப் பிள்ளை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். இப்போதும் படியில் கால் தயங்கினால் அந்தச் சொற்கள்தான் காதில் கேட்கின்றன.

வலி மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் முதலில் வலி உச்சத்துக்கு வந்த பிறகே மாத்திரையைத் தேடினேன். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமோ என்ற பயம். அது பிழையான கணக்கு. வைத்தியர் எழுதிய அளவுக்குள், பயிற்சிக்கு முக்கால் மணிநேரம் முன்பு மாத்திரையைப் போட்டால் பயிற்சி உருப்படியாக நடக்கும். பயிற்சி முடிந்ததும் ஐஸ். என் கணவர் சிறிய பொலித்தீன் பைகளில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, மெல்லிய துணியில் சுற்றித் தருவார். பதினைந்து நிமிடம், கூடிப்போனால் இருபது. வெறும் தோலில் ஐஸ் படக் கூடாது. கடுமையான வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கிவிடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். முதல் நாளிலிருந்தே பப்பாசியும் கீரையும் தண்ணீரும் வேண்டும்.

ஒரு சீ.ஆர். கொப்பியில் தினமும் குறித்துவந்தேன். நீட்டல், மடக்கல், எத்தனை தடவை, இரவில் எத்தனை மணிநேரத் தூக்கம், முழங்காலின் சுற்றளவு. இது மிகவும் கை கொடுத்தது. ஏனென்றால் நாளுக்கு நாள் எந்த முன்னேற்றமும் கண்ணுக்குத் தெரியாது. நேற்றைவிட இன்று மோசம் என்றுதான் தோன்றும். பத்து நாள் முந்திய பக்கத்தைப் புரட்டினால்தான் உண்மை தெரியும்.

அந்தக் கொப்பியில் பெப்ரவரி 9 ஆம் திகதிக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அன்று ஞாயிறு. முற்பகல் பதினொன்றரை மணிபோல நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதால் வந்த தடை என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். லிப்ட் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை வரமாட்டார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளூர ஒரு நிம்மதிகூட. பன்னிரண்டரைக்குக் கதவில் தட்டும் சத்தம். மூன்று மாடி ஏறி, வியர்வையில் சட்டை நனைந்தபடி நின்றார். தண்ணீர் குடித்துவிட்டு, "டீச்சர், இன்றைக்குப் படி" என்றார்.

தையல் பிரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. படிக்கட்டில் வெளிச்சம் போதவில்லை. கணவர் மேலே நின்று டோர்ச் அடித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில் போகவேண்டும், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில் போகவேண்டும். காரணம், உடம்பைத் தூக்குவதும் பாரத்தைத் தாங்கி மெல்ல இறக்குவதும் கூடுதல் பலம் வேண்டும் வேலைகள், அவை இரண்டையும் நல்ல காலே செய்யட்டும். ஒரு கை கைப்பிடியில், மறு கையில் ஊன்றுகோல். அவர் எனக்கு ஒரு படி கீழே, முகம் என்னை நோக்கியபடி நின்றார். ஆறு படி இறங்கினேன். ஆறு படி ஏறினேன். இருபது நிமிடம் எடுத்தது. மேலே வந்ததும் அந்தப் பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மின்சாரம் வந்திருந்தால் நான் இன்னும் இரண்டு வாரம் லிப்டை நம்பியே இருந்திருப்பேன்.

அந்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வந்து என்னோடு தங்கினார். அவர் வந்ததால்தான் வீட்டில் அடுப்பெரிந்தது, நான் தலை முழுகினேன். அவரோடு கூடவே பத்தியமும் வந்தது. கத்தரிக்காய் கிரந்தி, அதாவது புண்ணைக் கிளப்பிவிடும், தக்காளி கிரந்தி, றால் கிரந்தி, நண்டைப் பற்றிப் பேசவே கூடாது. முட்டையும் வேண்டாம் என்றார். புண் ஆறவேண்டிய உடம்புக்கும் கரைந்துபோன தசைக்கும் புரதம் வேண்டும் என்று வைத்தியர் அழுத்திச் சொல்லியிருந்தார். நான் அக்காவோடு சண்டை பிடிக்கவில்லை. கத்தரிக்காயையும் றாலையும் அவருக்கு விட்டுக்கொடுத்தேன், இரண்டு முட்டையையும் மீனையும் பருப்பையும் நான் வைத்துக்கொண்டேன். ஆனால் எண்ணெய் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரிலிருந்து போத்தலில் கொண்டுவந்த எண்ணெயைச் சூடாக்கி முழங்காலில் தேய்த்துவிட அவர் ஆயத்தமானபோது, கையைப் பிடித்துத் தடுத்தேன். உள்ளே உலோகம் இருக்கிறது. ஆறாத வெட்டுவாய் வழியாகக் கிருமி உள்ளே போய் அந்த உலோகத்தில் ஒட்டினால், மூட்டையே திரும்ப எடுக்க வேண்டிவரலாம். வீங்கிக் கொதித்துக்கொண்டிருக்கும் மூட்டுக்குச் சூடும் ஆகாது. "பிள்ளை, நான் உனக்குக் கெடுதலா செய்வேன்?" என்று அக்கா கேட்டார். இல்லை அக்கா. தலையணையும் கெடுதல் செய்யவென்று வைக்கப்பட்டதில்லை. வெட்டுவாய் நன்றாக மூடி, வைத்தியர் சம்மதித்த பிறகு, எட்டாம் வாரத்தில் அதே கையால் தழும்பை மெல்ல நீவிவிட்டவரும் அவர்தான்.

ஐந்தாம் வாரம்தான் மிக மோசமானது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் மாதத்தில் பார்க்க வருகிறவர்கள், தொலைபேசியில் கேட்கிறவர்கள் என்று வீடு நிறைந்திருந்தது. பிறகு எல்லோரும் தத்தம் வேலைக்குப் போய்விட்டார்கள். மடக்கல் 96 இல் நின்றுவிட்டது, பத்து நாள் அசையவில்லை. பகலில் சமாளிப்பேன். இரவு ஒன்றரை, இரண்டு மணிக்கு முழங்கால் உள்ளிருந்து கொதிக்கும். எப்படித் திரும்பிப் படுத்தாலும் இடமில்லை. மரைன் டிரைவ் பக்கமிருந்து கடல் இரைச்சலும் விடியற்காலை முதல் ரயிலும் கேட்கும்வரை விழித்திருப்பேன். எதற்காக இதைச் செய்துகொண்டேன் என்று அழுதிருக்கிறேன். அந்த வாரம் மகள் லண்டனிலிருந்து எடுத்தபோது "எல்லாம் நல்லம்" என்று பொய் சொன்னேன்.

அந்தப் பிள்ளையிடம் சொன்னதும் அவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். நான் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை மடக்கலைச் செய்துகொண்டிருந்தேன். முன்னேற்றம் நின்றதும் பயந்து இரட்டிப்பாக்கியிருந்தேன். சுற்றளவு ஒன்றரை சென்ரிமீற்றர் கூடியிருந்தது. மூட்டு கோபித்துக்கொண்டிருக்கிறது என்றார். மூன்று நாள் பாதியாகக் குறைக்கச் சொன்னார். நீட்டலை மட்டும் விடவேண்டாம் என்றார். நான்காம் நாள் மடக்கல் 101.

அப்போதுதான் வலியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கக் கற்றேன். பயிற்சியின்போது இழுத்து, முடிந்து ஒரு மணிநேரத்துக்குள் அடங்கிவிடும் வலி நல்லது, அதற்குப் பயப்படத் தேவையில்லை. குத்தி, மறுநாள் காலையிலும் வீக்கத்தோடு இருக்கும் வலி, நாம் அளவு மீறிவிட்டோம் என்பதற்கான அடையாளம்.

பயப்பட வேண்டிய விஷயங்களும் உண்டு. இருபதாம் நாள் என் வலது கெண்டைக்கால் திடீரென இறுகி வலித்தது, அமுக்கினால் நொந்தது. பயிற்சியால் வந்ததாக இருக்கும் என்று அக்கா சொன்னார். நான் அன்றே வைத்தியரிடம் போய் ஸ்கேன் செய்தேன். இரத்தக் கட்டி இல்லை என்று வந்தது. வீண் செலவு என்று நான் நினைக்கவே இல்லை. காலின் இரத்த நாளத்தில் கட்டும் இரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு நொந்தாலும், காய்ச்சல் வந்தாலும், வெட்டுவாய் சிவந்து கசிந்தாலும் ஒரு மணிநேரமும் தாமதிக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தைச் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். பல்லுக்கு வைத்தியம் செய்யப் போனால், செயற்கை மூட்டு இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

பயப்படத் தேவையில்லாதவை: தழும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு கையகல மரத்துப்போன இடம், நடக்கும்போது கேட்கும் டக் டக் ஒலி, மாதக்கணக்கில் முழங்காலில் இருக்கும் மெல்லிய சூடு. வெட்டும்போது தோலின் சிறு நரம்புகள் அறுபடுவதால் மரப்பு, உலோகமும் தட்டும் தொடுவதால் ஒலி. என் முழங்காலில் அந்த மரப்பு இன்னும் இருக்கிறது.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக. தாழ்ந்த சோபாவை அப்புறப்படுத்துங்கள், கைப்பிடியுள்ள உயரமான கதிரை ஒன்று போதும். கொமட்டின் மேல் பொருத்தும் உயர்த்தி ஒன்றும், குளியலறைச் சுவரில் கைப்பிடி ஒன்றும் சத்திரசிகிச்சைக்கு முன்பே வேண்டும். கால்மிதிகளை எல்லாம் சுருட்டி எடுத்துவிடுங்கள். ஊன்றுகோலை எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது காலில் சத்திரசிகிச்சை என்றால் இடது கையில். நான் பார்த்த அரைவாசிப்பேர் மாறிப் பிடிக்கிறார்கள்.

ஏழாம் வாரத்தில் மரைன் டிரைவில் நடக்கத் தொடங்கினேன். காலி வீதி நடைபாதையில் கடைப் பலகைகளும் உடைந்த கற்களும் கூட்டமும். இங்கே சமதரை, கடற்காற்று, களைத்தால் உட்காரச் சுவர். ஐந்தரை மணிக்கு, வெயில் தணிந்த பிறகு, முதல் நாள் இரண்டு ஒழுங்கை தூரம். ஊன்றுகோல் தட்டும் ஒலியைக் கேட்டபடி குதிக்கால் முதலில், பிறகு விரல்கள் என்று சொல்லிச் சொல்லி வைத்தேன். நொண்டல் முழங்காலில் இல்லை, மூளையில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை சொன்னதை அங்கேதான் விளங்கிக்கொண்டேன். வலி போன பிறகும் கால் பழையபடியே சாய்ந்தது. சித்திரைப் புத்தாண்டு வந்தபோது ஊன்றுகோல் இல்லாமல் இராமகிருஷ்ண மிஷன்வரை நடந்து போய்த் திரும்பினேன். நீட்டல் 1, மடக்கல் 112.

பஸ்தான் கடைசிப் பரீட்சை. நூறாம் இலக்க பஸ்ஸின் முதல் படி எங்கள் மாடிப் படி இரண்டைச் சேர்த்த உயரம். கொண்டக்டர் அவசரப்படுத்துவார், வண்டி முழுதாக நிற்காது. நான் வீட்டில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி இறங்கி மூன்று வாரம் பழகினேன். மே மாதம் ஒரு நாள் முற்பகலில், கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, பம்பலப்பிட்டிவரை போனேன். கதிரேசன் கோவிலில் அர்ச்சனை. விழுந்து கும்பிட முடியவில்லை. முழங்காலை ஊன்றினால் மூட்டுக்குக் கேடில்லை, ஆனால் தழும்பில் பாரம் படும்போது கூசும், கண்ணாடித் துண்டின்மேல் ஊன்றியதுபோல இருக்கும். சம்மணம் கட்டி நிலத்தில் இருப்பதையும் வைத்தியர் விட்டுவிடச் சொன்னார். சிறுவயதிலிருந்து கோவிலில் விழுந்தெழுந்து பழகிய எனக்கு, நின்றபடி கைகூப்பிவிட்டுத் திரும்புவது மனத்துக்குப் பெரிய குறையாகத்தான் இருக்கிறது. இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் சொல்கிறேன். அன்று பிரகாரத்தை மூன்று முறை சுற்றினேன். முன்பு ஒரு சுற்றுக்கே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

பயிற்சித் தாளை நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். படங்களை மகள் வரைந்து அனுப்பினாள். தலையணை வரிதான் முதல் வரி, சிவப்பு மையில், மற்ற எழுத்துகளின் இரண்டு மடங்கு உயரத்தில். வத்தளை அம்மாவுக்கு முதல் பிரதியை அனுப்பினேன்.

இடது காலுக்கும் செய்யவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். முதல் முறை நான் செய்யாத ஒன்றை இந்த முறை செய்கிறேன். சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடைத் தசையைப் பலப்படுத்தினால் பிறகு அது இலகுவில் உறங்கிப்போகாது என்று அந்தப் பிள்ளை சொன்னார். அதனால் காலையும் மாலையும் இடது காலை உயர்த்திப் பிடிக்கிறேன், கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருகிறேன், இரத்தத்தில் சீனியின் அளவையும் கட்டுக்குள் கொண்டுவருகிறேன். என் கணவர் இரண்டாவது துவாய்ச் சுருள் ஒன்றையும் இறப்பர் வளையம் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டார். கொப்பியில் புதிய பக்கம் தொடங்கியிருக்கிறேன். இடது: நீட்டல் 7, மடக்கல் 115, தொடைச் சுற்றளவு 44 சென்ரிமீற்றர்.